ஒட்டுத்துணிப் போர்வையும் துணி விலையும்

மேலே ஒரு துணி, அடியில் ஒரு துணி, நடுவே பஞ்சு. மூன்றும் நகராதபடி முழுப் பரப்பிலும் ஊசித் தையல். இப்படித் தைக்கப்படும் குளிர்காலப் போர்வையை ஆங்கிலம் பேசும் நாடுகளில் குவில்ட் என்பர். மேல்துணி ஒரே துணியாக இருக்கலாம். சிறு துண்டுகளை இணைத்ததாகவும் இருக்கலாம். துண்டுகளை இணைத்துச் செய்வது ஒட்டுத்துணிப் போர்வை எனப்படும். நம் வீடுகளில் பழம்புடவையை மடித்துத் தைத்துக் குழந்தைக்கு விரிப்பது இதற்குத் தூரத்து உறவு.

இந்தக் கலை அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மிகப் பெரிதாக வளர்ந்தது. அதைப் பற்றி ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுவதுண்டு. குடியேறிய ஏழைப் பெண்களுக்கு வாங்கத் துணி இல்லை. கிழிந்ததையும் எஞ்சியதையும் சேர்த்துத் தைத்தார்கள். அதிலிருந்து இக்கலை பிறந்தது என்பது அந்தக் கதை. அதில் பாதிதான் உண்மை. துணி மிக அரிதாக இருந்த 18-ஆம் நூற்றாண்டில் குவில்ட் வசதியுள்ளவர் வீட்டுப் பொருள். இறந்தவர்களின் உடைமைப் பட்டியல்களில் அது குறைவாகவே காணப்படுகிறது. காணப்படும் இடத்தில் நல்ல விலை மதிக்கப்பட்டிருக்கிறது. எளியவர்கள் நெய்த கம்பளிகளையே போர்த்தினார்கள். ஆலைத்துணி மலிந்த பின்புதான் ஒட்டுத்துணிப் போர்வை சாதாரண வீடுகளுக்குள் நுழைந்தது. அதன் பிறகு துணி எட்டாமல் போன ஒவ்வொரு காலத்திலும் தைக்கும் பெண்கள் ஒவ்வொரு வழி கண்டார்கள். அந்த வழிகளின் தடம் போர்வைகளிலேயே இருக்கிறது.

சீட்டித்துணியும் தடைச்சட்டமும்

இந்த வரலாற்றின் தொடக்கத்தில் சோழமண்டலக் கடற்கரைக்கு இடம் உண்டு. மசூலிப்பட்டினம், பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம் ஆகிய துறைகளிலிருந்து 17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கம்பெனிகள் வண்ணச் சீட்டித்துணிகளை ஏற்றிச் சென்றன. கலம் கொண்டு கையால் வரைந்த பூக்களும் கொடிகளும் அவற்றில் இருந்தன. சாயவேரிலிருந்து எடுத்த சிவப்பைப் படிகாரம் துணியில் பிடித்து நிறுத்தியது. துவைத்தாலும் சாயம் போகாத இந்த வித்தை அப்போது ஐரோப்பியருக்குக் கைவரவில்லை. கட்டிலை மூடும் அளவுக்கு ஒரே துணியில் பெரிய மரமும் பறவைகளும் வரைந்த விரிப்புகள் பலம்போர் என்ற பெயரில் அங்கே புகழ் பெற்றன.

உள்ளூர்க் கம்பளி, பட்டு நெசவாளர்கள் இதனால் பிழைப்பு இழந்தனர். பிரான்ஸ் 1686-இல் இத்துணிகளைத் தடை செய்தது; அத்தடை 1759 வரை நீடித்தது. இங்கிலாந்து 1700-இல் ஒரு சட்டமும் 1721-இல் அதைவிடக் கடுமையான இன்னொரு சட்டமும் இயற்றியது. 1719-இல் லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்கள் தெருவில் சீட்டி உடுத்திய பெண்களைத் தாக்கி ஆடையைக் கிழித்தார்கள். இங்கிலாந்தின் தடை 1774-இல்தான் நீங்கியது.

தடை செய்த பொருளின் துண்டுக்கும் மதிப்பு ஏறுவது இயல்பு. கம்ப்ரியா பகுதியில் லெவன்ஸ் ஹால் என்னும் மாளிகையில் இந்தியச் சீட்டித் துண்டுகளால் தைத்த போர்வையும் கட்டில் திரைகளும் இன்றும் இருக்கின்றன. 1708-ஐ ஒட்டியவை என்று மரபாகச் சொல்லப்படும் இவை பிரிட்டனின் மிகப் பழைய ஒட்டுத்துணி வேலைகளுள் சேர்ந்தவை.

இதே காலத்துச் சிக்கனத்திலிருந்து ஓர் உத்தி வளர்ந்தது. சீட்டித்துணியிலுள்ள பூ, பறவை, கிளை ஆகியவற்றை ஓரம் பிசகாமல் கத்தரித்து, விலை குறைந்த வெள்ளைத் துணிமேல் இடைவெளி விட்டுப் பதித்துத் தைப்பது அது. ஒரு கெஜம் சீட்டி இப்படி ஒரு கட்டில் முழுவதும் பரவிவிடும். தேய்ந்த பழைய விரிப்பில் நன்றாக எஞ்சியிருக்கும் பூக்களையும் காப்பாற்றலாம். 18-ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அமெரிக்காவின் கிழக்குக் கரை மாநிலங்களில் இம்முறை செல்வாக்குடன் இருந்தது. அதற்குள் துணி பெரும்பாலும் இங்கிலாந்திலேயே அச்சிட்டதாகிவிட்டது. பின்னாளில் இதற்கு வைத்த பிரெஞ்சுப் பெயரின் பொருள் ‘பாரசீகப் பூத்தையல்’. சோழமண்டலத்துச் சாயக்காரருக்கு அந்தப் பெயரில்கூட இடம் கிடைக்கவில்லை.

ஆலைத்துணி மலிந்த காலம்

1790-இல் ரோட் ஐலண்டில் சாமுவேல் ஸ்லேட்டர் நீர்விசையால் ஓடும் நூற்பாலையைத் தொடங்கினார். 1793-இல் எலி விட்னி பஞ்சையும் விதையையும் பிரிக்கும் எந்திரத்தை உருவாக்கினார். அடுத்த ஐம்பது ஆண்டுகளில் மாசசூசெட்ஸ் ஆலைகள் அச்சுத்துணியைச் சாதாரண விவசாயக் குடும்பமும் வாங்கும் விலைக்குக் கொண்டுவந்தன. மலிவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பஞ்சை விளைவித்தவர்கள் தென் மாநிலங்களில் கூலியின்றி உழைத்த கறுப்பின அடிமைகள். துணியின் விலையில் அவர்கள் உழைப்பு கணக்கில் ஏறவே இல்லை.

சதுரக் கட்டங்களாகத் தைத்துப் பின் இணைக்கும் ஒட்டுத்துணிப் போர்வைகள் பெருகியது இந்த மலிவான காலத்தில்தான். சிறு துண்டுகளால் தைத்தால் துணி மிச்சமாகும் என்று எண்ணத் தோன்றும். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தையலுக்காக ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் விட வேண்டும். முடிந்த நிலையில் 4 அங்குலச் சதுரம் வேண்டுமானால் 4½ அங்குலம் வெட்ட வேண்டும். வெட்டியது 20¼ சதுர அங்குலம், கண்ணுக்குத் தெரிவது 16. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தையலுக்குள் மறைகிறது. சதுரம் 2 அங்குலமானால் வெட்டுவது 6¼, தெரிவது 4. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. 1 அங்குலத்துக்குப் போனால் பாதிக்கு மேல் உள்ளே போய்விடும். எனவே கடையில் வாங்கிய புதுத்துணியை நறுக்கித் தைப்பது துணி மலிந்தவர் செய்யும் வேலை. வேறு எதற்கும் உதவாத துண்டைத் தைக்கும்போது மட்டுமே அது சிக்கனம். போர்வையைப் பார்த்தவுடன் ‘ஏழையின் கைவேலை’ என்று முடிவு கட்டுபவர்கள் இந்த வேறுபாட்டைத் தவறவிடுகிறார்கள்.

1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் இந்த மலிவு திடீரென நின்றது. வடக்குப் படையின் கடல் முற்றுகையால் தென் மாநிலங்களுக்கு ஆலைத்துணி வருவது அருகியது. பரணில் கிடந்த ராட்டினமும் தறியும் இறங்கின. பஞ்சுக்காக லங்காஷயர் ஆலைகள் இந்தியாவை நாடியதும் இப்போதுதான்.

மாவு மூட்டையிலிருந்து போர்வை

மாவும் தீவனமும் முன்பு மரப் பீப்பாய்களில் விற்கப்பட்டன. தையல் எந்திரம் வந்து உறுதியான மூட்டை தைக்க முடிந்த பிறகு, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பருத்திச் சாக்குகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. சாக்கு காலியானதும் பண்ணை வீட்டுப் பெண்கள் அதை எறியவில்லை. வாய் தைத்த சங்கிலித் தையலின் நுனியைப் பிடித்து இழுத்தால் நூல் முழுதாக வந்துவிடும். அது உருண்டையாகச் சுற்றி வைக்கப்பட்டது. துணியில் அச்சிட்ட கம்பெனிப் பெயரும் முத்திரையும்தான் தொல்லை. பன்றிக்கொழுப்போ மண்ணெண்ணெயோ தடவி ஊறவைத்து, காரச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, வெயிலில் வெளுக்க வைத்தார்கள். எழுத்து முழுதாகப் போகாத சாக்குகள் போர்வையின் அடிப்பக்கத்துக்குப் போயின. அப்படித் தைத்த பழைய போர்வைகளைத் திருப்பிப் பார்த்தால் மாவின் எடையும் ஆலையின் ஊரும் மங்கலாகத் தெரிவதுண்டு. உப்பு, சர்க்கரை, புகையிலைப் பைகளும் தப்பவில்லை. கையளவே உள்ள புகையிலைப் பைகளைப் பிரித்து, சாயம் தோய்த்து, நூற்றுக்கணக்கில் இணைத்த போர்வைகளும் உள்ளன.

1920-களின் நடுவில் மிசௌரி மாநிலத்துச் செயின்ட் லூயிஸ் நகர மாவு ஆலை ஒன்று கட்டம் போட்ட வண்ணத்துணியில் மாவை நிரப்பி விற்றது. மற்ற ஆலைகளும் தொடர்ந்தன. பூ, புள்ளி, கோடு, குழந்தைப் படங்கள் எனச் சாக்குகள் அச்சிடப்பட்டன. கம்பெனிப் பெயர் கிழித்தெடுக்கக்கூடிய காகிதச் சீட்டுக்கு மாறியது. 100 பவுண்டு தீவனச் சாக்கைப் பிரித்தால் ஒரு கெஜத்துக்குச் சற்றே கூடுதலான துணி கிடைக்கும். பெரியவர் ஒருவரின் கவுனுக்கு ஒரே அச்சில் மூன்று சாக்கு தேவைப்படும். அதனால் கோழித்தீவனம் வாங்கக் கடைக்குப் போகும் கணவரிடம் மாதிரித் துண்டைக் கொடுத்தனுப்பும் வழக்கம் உண்டாயிற்று. கேட்ட அச்சு அடுக்கின் அடியில் இருந்தால் கடைக்காரர் மேலுள்ள மூட்டைகளையெல்லாம் இறக்க வேண்டும். கவுன் வெட்டி எஞ்சியது போர்வைக்கு. பக்கத்து வீட்டாருடன் துண்டு மாற்றிக்கொள்வதும் நடந்தது.

சாக்கு இலவசமல்ல. அதன் விலை தீவனத்தின் விலைக்குள் இருந்தது. எப்படியும் கொடுக்க வேண்டிய பணத்துக்குள்ளிருந்து துணியை மீட்டெடுத்ததே இந்த உத்தி.

1929-க்குப் பின் வந்த பெருமந்தத்தில் துணி விலை ஏறியது என்பதைவிட, வாங்கும் காசு மறைந்தது என்பதே சரி. 1931-இல் விவசாயிக்கு ஒரு பவுண்டு பஞ்சுக்கு 6 சென்ட் அளவே கிடைத்தது. சில ஆண்டுகளுக்கு முன் கிடைத்ததில் அது பாதிக்கும் குறைவு. விலையைத் தூக்கி நிறுத்த 1933-இல் அரசு விளைந்து நின்ற பருத்தியில் ஒரு கோடி ஏக்கர் அளவை உழுது அழிக்கச் செய்தது. அதற்கான பணத்தை ஆலைகளிடமிருந்து பவுண்டுக்கு 4.2 சென்ட் வரியாக வசூலித்தது. அந்த வரி கடைசியில் துணி வாங்குபவர் தலையில்தான் விழுந்தது. உச்ச நீதிமன்றம் 1936-இல் அதைச் செல்லாதென அறிவித்தது.

அதே 1933-இல் சிகாகோ உலகக் கண்காட்சியையொட்டி சியர்ஸ் நிறுவனம் குவில்ட் போட்டி நடத்தியது. முதல் பரிசு 1,000 டாலர். நாடெங்கிலுமிருந்து 24 ஆயிரத்துக்கும் மேற்பட்ட போர்வைகள் வந்து குவிந்தன என்பதே அன்றைய பணத்தட்டுப்பாட்டைச் சொல்லும். முதல் பரிசு பெற்ற போர்வையை அனுப்பியவர் அதைத் தாமே தைக்கவில்லை. கூலிக்குத் தைத்த பெண்கள் வேறு. பரிசுப் பணத்தில் அவர்களுக்குப் பங்கு கிடைக்கவில்லை. உண்மை வெளிவரப் பல பத்தாண்டுகள் ஆயின.

இரண்டாம் உலகப் போரின்போது பருத்தித்துணி படைக்குப் போயிற்று. ஆனால் சாக்குத்துணி தொழிற்பொருள் என்று கணக்கிடப்பட்டதால் தொடர்ந்து கிடைத்தது. 1950-களின் இறுதியில் காகிதப் பையும் பிளாஸ்டிக் பையும் வந்து அந்த வழியை அடைத்தன.

பருத்தி விளைந்த ஊரில் துணியில்லை

அலபாமா மாநிலத்தின் வில்காக்ஸ் மாவட்டத்தில் அலபாமா ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்த ஒரு நிலத்துண்டு உண்டு. ஊர்ப்பெயர் ஜீஸ் பெண்ட். 1816-இல் அங்கே பருத்திப் பண்ணை அமைத்த ஜோசஃப் ஜீ என்பவரின் பெயரால் அமைந்தது. அடுத்து வந்த உரிமையாளர் குடும்பத்தின் பெயர் பெட்வே. அவர்களிடம் அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்தோர் பலருக்கு இன்றும் அதுவே குடும்பப்பெயர். விடுதலைக்குப் பின்னும் அவர்கள் அதே நிலத்தில் வாரத்துக்குப் பருத்தி பயிரிட்டு, விதைக்கும் உணவுக்கும் கடன் வாங்கி வாழ்ந்தார்கள்.

1920-களின் இறுதியிலிருந்து பஞ்சு விலை சரிந்தபோது கடன் ஏறியது. 1932-இல் கடன் கொடுத்த வியாபாரி இறந்தார். அவருடைய மனைவியின் ஆட்கள் வந்து ஏறக்குறைய 60 குடும்பங்களின் கால்நடை, வண்டி, கருவி, சேமித்த தானியம் அனைத்தையும் கடனுக்கு எடுத்துப் போனார்கள். அந்தக் குளிர்காலத்தை ஊர் பட்டினியில் கழித்தது; செஞ்சிலுவைச் சங்கத்தின் உணவால் பிழைத்தது.

இந்த ஊர்ப் பெண்கள் தைத்த போர்வைகளில் கடைத்துணி அரிது. காற்சட்டையின் முழங்கால், சட்டையின் முதுகு, மேலங்கி, உரச்சாக்கு, மாவுச்சாக்கு ஆகியவையே சரக்கு. பஞ்சு பிரிக்கும் எந்திரக்கூடத்தின் தரையில் கூட்டியெடுத்த கழிவுப் பஞ்சைக் குச்சியால் அடித்து உள்ளே பரப்பினார்கள். பலகை வீட்டுச் சுவரின் சந்துகளில் காற்று புகாமலிருக்கச் செய்தித்தாளை ஒட்டுவார்கள். அதற்கும் மேல் கனமான போர்வைகள் வேண்டும். ஆகவே துண்டுகளைச் சிறியதாக நறுக்கவில்லை. காற்சட்டைக் கால் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளமாகவே தைத்தார்கள். முன் சொன்ன கணக்கின்படி தையலுக்குள் வீணாவதும் குறைவு, வேலையும் விரைவில் முடியும். நகர மக்கள் பின்னாளில் நவீன ஓவியத்தோடு ஒப்பிட்டு வியந்த பெரிய பட்டைகளும் நேர்க்கோடு தவறிய கட்டங்களும் இப்படி வந்தவை. ஆனால் எல்லாம் தேவையால் மட்டும் வந்ததென்று சொல்லிவிட்டால் அப்பெண்களின் கண்ணுக்கும் தேர்வுக்கும் நியாயம் செய்ததாகாது. ஒரே குவியல் பழந்துணியிலிருந்து இருவர் தைத்த போர்வைகள் ஒன்றுபோல் இருப்பதில்லை.

1942-இல் மிசௌரி பெட்வே என்பவர் இறந்த கணவரின் வயல்வேலை உடைகளைப் பிரித்து ஒரு போர்வை தைத்தார். மகள் அர்லோன்சியா உடனிருந்து உதவினார். சாயம் வெளிறிய துணிகளால் ஆனது அது. கணவரின் நினைவாக வைத்திருக்கவும் அதையே போர்த்திப் படுக்கவும் விரும்பினார் என்று மகள் பின்னர் நினைவுகூர்ந்தார்.

1960-களில் ஊர் மக்கள் வாக்குரிமைக்காகப் பதிவு செய்யத் தொடங்கினர். 1962-இல் ஆற்றைக் கடக்கும் படகுச் சேவை நிறுத்தப்பட்டது. மாவட்டத் தலைநகரான கேம்டனுக்குச் சுற்றிக்கொண்டு பல மைல் போக வேண்டியதாயிற்று. படகு மீண்டும் ஓடியது 2006-இல்தான். பதிவு செய்தவர்களில் சிலர் வேலையையும் குடியிருப்பையும் இழந்தனர். ஃபிரான்சிஸ் வால்டர் என்னும் பாதிரியார் அவ்வட்டாரத்துக்கு வந்தபோது கொடியில் காய்ந்த போர்வைகளைக் கண்டு, ஒன்றுக்கு 10 டாலர் கொடுத்து வாங்கி, நியூயார்க்கில் ஏலத்துக்கு அனுப்பினார். 1966-இல் ‘ஃப்ரீடம் குவில்டிங் பீ’ என்ற கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. எஸ்டெல் விதர்ஸ்பூன் அதை நெடுங்காலம் நடத்தினார்.

1972-இல் அச்சங்கம் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கார்டுராய் தலையணை உறைகள் தைத்துக் கொடுக்கும் ஒப்பந்தம் பெற்றது. வெட்டி எஞ்சிய நீண்ட துண்டுகள் ஊர் முழுவதும் பரவின. பொன்னிறம், பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என அதுவரை பழைய உடைகளில் கிடைக்காத நிறங்கள் போர்வைக்கு வந்தன. கார்டுராய் தடித்த துணி, நுணுக்கமாக மடங்காது. அக்காலத்துப் போர்வைகளில் கோடுகள் மேலும் எளிமையானதற்கு அதுவும் காரணம். 2002-இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்திலும் பின்னர் நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்திலும் இப்போர்வைகள் சுவரில் தொங்கின. 2006-இல் அஞ்சல்தலைகளிலும் அச்சாயின.

இன்றைய விலையும் இன்றைய வழிகளும்

2011 மார்ச்சில் உலகச் சந்தையில் பஞ்சு பவுண்டுக்கு 2 டாலரைக் கடந்தது. அதற்கு முன் கண்டிராத விலை அது. முந்தைய ஆண்டுப் பாகிஸ்தான் வெள்ளம், சீனாவின் தேவை, இந்தியாவின் ஏற்றுமதிக் கட்டுப்பாடு ஆகியவை காரணங்களாயின. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழில் நூல் விலையால் திணறிய அதே காலத்தில், அமெரிக்கக் குவில்ட் கடைகளில் நல்ல பருத்தித்துணி கெஜம் 10 டாலருக்கு மேல் போயிற்று. பஞ்சு விலை பின்னர் இறங்கியது. கடைத்துணி விலை அந்த அளவுக்கு இறங்கவில்லை. இரட்டைக் கட்டில் போர்வை ஒன்றுக்கு மேலும் கீழுமாகப் பத்துக் கெஜத்துக்கு மேல் வேண்டும் என்பதை நினைத்தால் செலவு புரியும். 2025-இல் அமெரிக்கா இறக்குமதிக்குப் புதிய சுங்க வரிகளை விதித்தது. குவில்ட் துணியில் பெரும்பகுதி ஆசிய நாடுகளில் அச்சாவதால் இந்தத் துறையையும் அவை தொட்டன. சிற்றூர்ப் பெண்கள் தள்ளுபடி விலைக்குத் துணி வாங்கிவந்த ஜோஆன் நிறுவனம் அதே ஆண்டு தன் 800 அளவிலான கடைகளையும் மூடியது.

இப்போது கையாளப்படும் வழிகளில் பல பழையவையே. கைவசமுள்ள துணி தீரும்வரை புதிதாக வாங்குவதில்லை என்று சிலர் தமக்குத் தாமே விதி வைத்துக்கொள்கிறார்கள். பழைய பொருள் விற்கும் தருமக் கடைகளில் ஆண்களின் பருத்திச் சட்டைகளை வாங்கிப் பிரிப்பவர்கள் உண்டு. பெரிய அளவுச் சட்டை ஒன்றில் ஒரு கெஜத்துக்குக் குறையாமல் துணி தேறும். அடித்துணிக்குப் பழைய பருத்திப் படுக்கை விரிப்பு போதும். அகலம் கூடுதலாக இருப்பதால் நடுவே இணைப்புத் தேவையில்லை. வெட்டி எஞ்சிய பஞ்சுப் படலத் துண்டுகளை ஓரத்தோடு ஓரம் வைத்துத் தைத்தும் பயன்படுத்துகிறார்கள். தையல் சங்கங்களில் துண்டு மாற்றிக்கொள்வது மாவுச்சாக்குக் காலத்திலிருந்து வரும் வழக்கம்.

புதுமையான ஒன்றைப் பற்றி மட்டும் எச்சரிக்கை தேவை. 2½ அங்குல அகலத்தில் முன்கூட்டியே வெட்டிய 40 பட்டைகளைச் சுருட்டி, ஒரு கட்டாகக் கடைகளில் விற்கிறார்கள். பல அச்சுகள் ஒரே கட்டில் கிடைப்பதால் மலிவுபோலத் தோன்றும். 40 பட்டைகளின் அகலத்தைக் கூட்டினால் 100 அங்குலம். அதாவது மூன்று கெஜத்துக்கும் குறைவு. கட்டின் விலையை 2¾ ஆல் வகுத்துப் பார்த்தால், பெரும்பாலும் கெஜக்கணக்கில் வாங்குவதைவிடக் கூடுதலாகவே வரும். வெட்டிய கூலியும் அச்சு தேர்ந்த கூலியும் அதில் சேர்ந்திருக்கின்றன.

இன்று குவில்ட் கடைகளில் ‘முப்பதுகளின் அச்சு’ என்றே ஒரு பிரிவு உண்டு. அன்றைய சாக்குகளின் சிறு பூக்களையும் வெளிர் நிறங்களையும் பார்த்து மறுபடி அச்சிட்ட புதுத்துணி அது. விலை மற்றத் துணிகளுக்கு உள்ள விலையேதான். பிரிக்காத பழைய அசல் சாக்கு கிடைத்தால், சேகரிப்பவர்கள் அதற்குப் புதுத்துணியைவிட அதிகம் கொடுத்து வாங்கிப் போகிறார்கள்.